கேரட் தின்ற பசுவும் அதன் உமிழ்நீரும்

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் அறுவடை நடக்கும் நாட்களில், கழுவும் இடத்தில் ஒதுக்கப்படும் உடைந்த கேரட்டுகள் எங்களைப் போல மாடு வைத்திருப்போருக்குச் சொற்ப விலையில் கிடைக்கும். புல் அறுக்கச் செல்ல முடியாத மழைநாள் ஒன்றில், அப்படி வந்த ஒரு மூட்டையை எங்கள் ஜெர்சி கலப்பினப் பசுவின் முன் அப்படியே கொட்டிவிட்டேன். மறுநாள் காலை அது அசைபோடவில்லை. சாணம் புளித்த வாடையுடன் நீராகப் போனது.

கால்நடை மருத்துவர் இடப்பக்கத்து விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கையை அழுத்தி, முதல் இரைப்பையின் அசைவைச் சோதித்தார். நிமிடத்துக்கு 1 அல்லது 2 முறை அலைபோல் எழவேண்டிய அது அடங்கிக் கிடந்தது. அவர் முதலில் கேட்டது கேரட்டைப் பற்றி அல்ல, "நேற்று புல் எவ்வளவு தின்றது?" என்றுதான்.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் பிறகே விளங்கியது. வளர்ந்த பசு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கக்கூடியது. குடிப்பதே அதைவிடக் குறைவாயிற்றே என்று தோன்றலாம். விழுங்கிய நீர் குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே மீண்டும் உமிழ்நீராகிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம் உமிழ்நீரைப் போல மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி அதில் இல்லை. இருப்பது பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும். ஒரு நாளில் சேரும் பைகார்பனேட்டைச் சோடா உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு கிலோ வரும். முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்கவைக்கும்போது உண்டாகும் அமிலத்தை இந்தக் காரம்தான் தணிக்கிறது. போதாக்குறைக்கு, உடலின் கழிவான யூரியாவும் உமிழ்நீரோடு அங்கே சென்று, நுண்ணுயிர்களின் கையில் புரதமாக மாறுகிறது. இந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் இத்தனை உமிழ்நீரும் மெல்லுவதால்தான் பெருகுகிறது. நீண்ட நார் இரைப்பைச் சுவரை உரசினால்தான் அசைபோடும் உந்துதல் எழும். கேரட்டில் சர்க்கரை உண்டு, உரசும் நார் இல்லை. ஆகவே அமிலம் விரைந்து பெருகிய அதே வேளையில் அதைத் தணிக்கும் ஊற்று வற்றிவிட்டது. மருத்துவர் சோடா உப்பைக் கரைத்து ஊற்றியது, பசு தானே செய்திருக்கவேண்டிய வேலைதான். மூன்றாம் நாள் அது தேறியது.

இப்போது முதலில் கிக்குயு புல்லும் வைக்கோலும், அதன் பிறகே கேரட், அதுவும் நறுக்கி, கொஞ்சமாக. உருளைக்கிழங்கை முழுதாகப் போடுவதே இல்லை. தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொண்டால் ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பிவிடும், விழுங்க முடியாத உமிழ்நீர் வாயில் வழிந்தோடும். இரவில் கொட்டகையைச் சாத்துமுன் அம்மா ஒரு கவளத்துக்கு எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணுவார். எண்ணிக்கை 40-க்குக் கீழே இறங்கினால் பசுவை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்.