இடுப்பில் இருக்கும் கனம்

சென்ற வாரம் துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க மனுக் கொடுத்திருந்தேன். விசாரணைக்கு வீடு தேடி வந்த காவலர் தாள்களைப் புரட்டியபடியே, "இத்தனை வருசத்துல எத்தனை தடவைண்ணே வெளிய எடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். சுடுதளத்தைத் தவிர வேறெங்கும் ஒரு தடவைகூட எடுத்ததில்லை என்றேன். "அப்புறம் எதுக்குண்ணே இது?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். வாசலில் நின்றபடி அவருக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவும் இல்லை.

எனக்கு மதுரையில் தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நகைப் பட்டறை. செய்து முடித்த உருப்படிகளை உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனிக் கடைகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்து, பழைய தங்கத்தை வாங்கிக்கொண்டு இருட்டிய பிறகு ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத் திரும்புவது வழக்கம். அந்தத் தொழில் காரணத்தைக் காட்டித்தான் 2014-இல் உரிமம் வாங்கினேன். கான்பூரில் அரசுத் தொழிற்சாலையில் செய்த பாயிண்ட் 32 ரிவால்வர். ஆறு தோட்டா கொள்ளும். வாங்கிய புதிதில் அது கள்ளனிடமிருந்து என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். என்னிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்றுவதுதான் அதைவிடப் பெரிய வேலை என்பது புரிய இரண்டு வருடம் ஆனது.

காளவாசல் சிக்னலில் ஒரு மாலை நேரம். பின்னால் வந்த பைக் என் ஸ்கூட்டரின் கண்ணாடியை உரசி உடைத்தது. ஓட்டி வந்தவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் கேட்பதற்கு முன்பே அவன் என் தாயைச் சொல்லி ஒரு வார்த்தை பேசினான். மதுரையில் அந்த வார்த்தைக்குக் கை நீட்டாதவனை மனிதனாக மதிக்க மாட்டார்கள். எனக்கு வாயில் பதில் வரவில்லை. ஆனால் வலது கை, நான் சொல்லாமலே, சட்டையின் ஓரத்தை நோக்கி நகர்ந்தது. துணியைத் தொட்டது, அவ்வளவுதான். யாரும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை, பச்சை விழுந்ததும் போய்விட்டான். நான் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, கைநடுக்கம் அடங்கும்வரை வெகுநேரம் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குச் சுடப் பழக்கிய ஓய்வுபெற்ற ஹவில்தாரிடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கை அங்க போச்சுன்னா, புத்தி அதுக்கு முந்தியே போயிருச்சுன்னு அர்த்தம். ரெண்டு மாசம் பீரோவுல வச்சுப் பூட்டுங்க, சார்" என்றார். பூட்டினேன். அந்த இரண்டு மாதமும் நகையைக் கொண்டுபோகத் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டேன். செலவு அதிகம்தான், ஆனாலும் மனம் லேசாக இருந்தது.

சட்டத்தையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். தற்காப்புரிமை அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் போன்ற, சட்டம் எண்ணிச் சொல்லும் சில நிலைகளில் மட்டுமே எதிரியின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு அந்த உரிமை நீள்கிறது. காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு சிறு தீங்கும் செய்யக்கூடாது. தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய பொறுப்பும் சுட்டவனுடையதே. இதில் எந்த வரியிலும் தாயைப் பழித்த சொல்லுக்கோ, உடைந்த கண்ணாடிக்கோ, கன்னத்தில் விழுந்த ஓர் அறைக்கோ இடமில்லை. வெறுங்கையோடு இருப்பவன் பதிலுக்கு ஓர் அறை விட்டால் அது தெருச்சண்டை. இடுப்பில் ரிவால்வரோடு இருப்பவன் அதே அறையை விட்டால், அந்தச் சண்டை எங்கே போய் முடியும் என்பது அவன் கையிலும் இல்லை. கட்டிப் புரளும்போது ஆயுதம் எதிராளியின் கைக்குப் போகலாம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஆகவே அதைச் சுமக்கும் நாட்களில் சிறு சண்டைகள் எல்லாவற்றிலும் நான் தோற்றே ஆக வேண்டும். இப்போதெல்லாம் யார் இடித்தாலும், "தப்பு எம்மேலதான் தம்பி, நீங்க போங்க" என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாகத் தான் சொல்லிக் கேட்காததை ஓர் உரிமத் தாள் கேட்க வைத்துவிட்டதே என்பது என் மனைவியின் வருத்தம்.

மறைத்து வைப்பதும் கேட்பதற்குத்தான் எளிது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுவதும் மூடியபடி, சுமப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்வது. வேட்டியில் அது நடக்காது. எனவே அந்த நாட்களில் பேன்ட்டும், தடித்த பெல்ட்டும், தொளதொளத்த சட்டையும்தான். ஆரப்பாளையத்தில் தேனிப் பேருந்தில் நின்றுகொண்டு மேல்கம்பியைப் பிடித்தால் சட்டை ஏறிவிடும் என்பதால், உட்கார இடமில்லாத வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பேன். குனிந்து செருப்பு மாட்டுவதில்கூட யோசனை வேண்டும். சட்டை விலகிப் பிடி தெரிந்தால் பார்ப்பவருக்கு அது விபத்தா மிரட்டலா என்று பிரித்தறிய வழியில்லை. வேண்டுமென்றே சட்டையை ஒதுக்கிவிட்டு டீக்கடையில் நிற்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி எழுத இங்கே எனக்கு மனமில்லை.

சுயக்கட்டுப்பாடு என்றால் விசையில் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருப்பது என்று பலரும் எண்ணுகிறார்கள். விரல் அங்கே போன பிறகு கட்டுப்படுத்துவதற்கு மிச்சம் அதிகம் இருக்காது. அது காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தொடங்கிவிடுகிறது: இன்று எங்கே போகிறோம், யாரைப் பார்க்கப் போகிறோம், தூங்கினோமா, யாரோடாவது மனத்தாங்கலோடு கிளம்புகிறோமா. மது என்றால் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி என்றால் மது இல்லை. மீனாட்சி கோயிலுக்கோ பிள்ளைகளின் பள்ளிக்கோ போகும் நாளில் அது வீட்டில்தான். திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாது என்பது உரிமத்திலேயே உள்ள நிபந்தனை.

2022-இல் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் மைத்துனர் மகனுக்குக் காதுகுத்து. மொய் எழுதி முடித்துக் கறிவிருந்தும் நடந்து, சிலருக்கு உள்ளேயும் கொஞ்சம் போயிருந்த நேரம். "மாப்ள, வானத்தைப் பாத்து ஒரு ரவுண்டு விடுங்க" என்று ஆரம்பித்தார்கள். கொண்டுவரவில்லை என்றால் நம்பவில்லை. கொண்டாட்டத்துக்குச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று 2019 திருத்தச் சட்டத்தைச் சொன்னேன். மேலே போன தோட்டா கீழே வந்துதான் ஆகும் என்றும் சொன்னேன். இரண்டையும் யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் சின்ன மாமனார்தான் திண்ணையிலிருந்து எழுந்து, "கருப்பன் கையில இருக்க அருவாள வாங்கி யாராச்சும் எளநி சீவுவமாடா?" என்று ஓர் அதட்டல் போட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

2019 மக்களவைத் தேர்தலையும் சொல்ல வேண்டும். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். நானும் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். அந்த ஏப்ரல் 18-ஆம் தேதி மதுரையில் வாக்குப்பதிவும் சித்திரைத் தேரோட்டமும் ஒரே நாளில் வந்து, ஓட்டுப் போட இரவு எட்டு மணி வரை நேரம் நீட்டித்திருந்தார்கள். மாசி வீதி நெரிசலில் என் காலை மிதித்தார்கள், தள்ளினார்கள், ஒருவர் முறைத்தார். நானும் திருப்பி முறைத்தேன். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு, பயமில்லாமல் கோபப்பட்டேன்.

இரவு வீடு திரும்பினால் முதல் வேலை இன்னமும் ஒன்றுதான். அறைக்குள் போய், குழல் சுவரைப் பார்த்திருக்க, உருளையைத் திறந்து தோட்டாக்களை எவர்சில்வர் தட்டில் விடுவேன். பிறகு ரிவால்வர் ஒரு பெட்டியில், தோட்டா வேறொரு பெட்டியில், சாவி இரண்டும் என் அரைஞாண் கயிற்றில். அடுப்படியில் இருக்கும் மனைவி ஒன்றும் கேட்க மாட்டாள். தட்டில் ஆறு சத்தம் விழுந்ததை எண்ணிய பிறகுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள்.