முடக்குவாத நோயாளி வார்டில் இருக்கும்போது: ஜூன் குறிப்புகள்

2025 ஜூன் 3, செவ்வாய்

மூட்டு வலிக்கென்றே வந்து படுப்பவர்கள் குறைவு. நிமோனியா, இடுப்பு எலும்பு முறிவு என்று வேறு எதற்காவதுதான் வருகிறார்கள். கேஸ் ஷீட்டில் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) ஒற்றை வரியோடு நின்றுவிடும். சேர்க்கும்போதே மாத்திரைப் பையை வாங்கிப் பாருங்கள். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் இருந்தால் எந்தக் கிழமை, எத்தனை மில்லிகிராம், கடைசியாகப் போட்டது எப்போது என்று கேட்டு எழுத வேண்டும். வாரம் ஒரே நாள் போடும் மாத்திரை அது. தினமும் கொடுத்தால் 15 மி.கி. ஏழு நாளில் 105 ஆகிவிடும். மருந்துத் தாளில் மற்ற ஆறு நாள் கட்டங்களையும் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுவது நல்லது.

ஜூன் 4, புதன்

இந்த மாத்திரை போடுபவருக்கு வாய்ப்புண் வந்தால் ஜெல் தடவிவிட்டுப் போகக் கூடாது. அன்றே ரத்த அணுக்களும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பிலேயே தங்கும். சிறுநீர்த் தொற்றுக்கு கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்தால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடலாம். இரண்டுமே ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையைத் தடுப்பவை. அப்போது மெத்தோட்ரெக்சேட்டின் நச்சை முறிக்கும் மருந்து ஃபோலினிக் அமிலம். வழக்கமான ஃபோலிக் அமில மாத்திரை அதற்கு ஈடாகாது.

கடுமையான தொற்று இருக்கும்வரை மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி வைப்போம். ஸ்டீராய்டு கதை நேர் எதிர். மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவருக்கு, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் வைக்கும்போதுதான் அந்த மாத்திரை விட்டுப்போகிறது. பிறகு வாந்தி, பி.பி. இறக்கம், சோடியம் குறைவு. வாய்வழி கொடுக்க முடியாத நாளில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியாகப் போக வேண்டும்.

ஜூன் 7, சனி

காலை ஆறு மணிக்கு உடம்பு துடைத்து, படுக்கை மாற்றுவது வார்டு வழக்கம். இவர்களுக்கு அது சித்திரவதை. நோய் தீவிரமாக இருக்கையில் காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். சாப்பிட வைத்து, வலி மாத்திரை கொடுத்து, எட்டு மணிக்கு மேல் வெந்நீரில் துடைக்கலாம். பிசியோதெரபிக்குப் பத்து மணி தோது.

எழுப்பும்போது விரலையோ மணிக்கட்டையோ பிடித்து இழுக்காதீர்கள். முன்கைக்கு அடியில் உங்கள் கையை நீளவாக்கில் கொடுத்துத் தாங்குங்கள். முழங்காலுக்கடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். நாள்கணக்கில் வைத்தால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். மாத்திரை அட்டையை மேசையில் வைத்துவிட்டு வருவதும் வேண்டாம். வீங்கிய விரலால் ஃபாயிலைக் கிழிக்க முடியாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். பிரித்துக் கையில் கொடுங்கள். கரண்டிக் காம்பில் காஸ் துணியைத் தடிமனாகச் சுற்றினால் தாங்களே சாப்பிடுவார்கள்.

ஜூன் 11, புதன்

ஆபரேஷன் பட்டியலில் இருப்பவரிடம் கழுத்தைப் பற்றிக் கேட்டாக வேண்டும். குனிந்தால் முதுகுத்தண்டில் ஷாக் அடிப்பதுபோல் இருக்கிறதா? கை மரக்கிறதா? நீண்ட கால நோயில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் தளர்ந்துவிடும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில், நோயாளி தானாகவே குனிந்த நிலையில், அந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவே முன்பக்க இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் மயக்க மருத்துவருக்கு நேரில் சொல்லுங்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடும்போது தலையை அசைக்கும் விதமே மாறும்.

ஜூன் 16, திங்கள்

எல்லா மூட்டும் ஒரே அளவில் இருக்க, ஒன்று மட்டும் திடீரென வீங்கிச் சூடானால் நோய் ஏறிவிட்டது என்று ஸ்டீராய்டைக் கூட்டாதீர்கள். சீழ் பிடித்திருக்கலாம். ஸ்டீராய்டில் இருப்பவருக்குக் காய்ச்சலே வராமலும் போகும். ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன் மூட்டு நீரை உறிஞ்சி அணு எண்ணிக்கை, கிராம் சாயம் (கிருமியைச் சாயமேற்றிப் பார்ப்பது), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) மூன்றுக்கும் அனுப்ப வேண்டும். குருத்தெலும்பு சில நாளிலேயே அழிந்துவிடும் என்பதால், இரவு டியூட்டியில் பார்த்தாலும் காலை ரவுண்ட்ஸ்வரை தள்ளிப்போடக் கூடாத வேலை இது.