மடிப்பைக் கெடுக்காத துணைப்பொருள்கள்: என் மடக்கு சைக்கிளில் இதுவரை செய்தவை

சாதாரண சைக்கிளுக்கு ஒரு துணைப்பொருள் வாங்கும்போது, ஓட்டுகையில் அது பயன்படுமா என்று மட்டும் பார்த்தால் போதும். மடக்கு சைக்கிளுக்கு அது போதாது. ஓடும் உருவம் ஒன்று, மடிந்து கிடக்கும் உருவம் ஒன்று என அதற்கு இரண்டு உருவங்கள் இருப்பதால், மடித்த பிறகு அந்தப் பொருள் எந்த இடத்திற்குப் போகிறது, எதில் இடிக்கிறது, எதைத் தடுக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் பெரும்பாலான பொருள்கள் இந்த இரண்டாவது உருவத்தை நினைத்துச் செய்யப்படுவதில்லை. ஆகவே கழற்றாமல் மடிக்க முடிகிறதா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் என் வண்டியில் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்து வருகிறேன்.

வார நாள்களில் இது சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து அலுவலகம் போய்வரும் வண்டி. வாய்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தில் ஏற்காட்டுக்கு ஏறி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் லூப் ரோட்டில் சுற்றிவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரம் வழியாக வீடு திரும்பும் வண்டி. நடுச்சட்டத்தில் ஒரு கீல், ஹேண்டில் தண்டின் அடியில் ஒரு கீல், கீழே இறக்கக்கூடிய நீண்ட சீட் தண்டு என, 1982இல் டேவிட் ஹான் தொடங்கிய டாஹோன் நிறுவனம் பரவலாக்கிய அமைப்பைப் பின்பற்றியது.

சக்கரம் 20 அங்குலம். இங்கிலாந்தின் பிராம்டன் சைக்கிளில் உள்ள 16 அங்குலச் சக்கரம் இதைவிடச் சிறியதாக மடியும் என்பது உண்மைதான். ஆனால் அதன் 349 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரிய டயரை நம் ஊர்க் கடைகளில் தேடி அலைய வேண்டும். 20 அங்குலத்திலும் 406 மில்லிமீட்டர், 451 மில்லிமீட்டர் என இரண்டு ரிம் அளவுகள் உண்டு. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. சிறுவர் சைக்கிள்களில் பரவலாக இருப்பது 406 என்பதால், டயரின் பக்கவாட்டில் 47-406 (அகலம், ரிம் அளவு) என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் தெருமுனைக் கடையிலேயே டயரும் டியூபும் கிடைத்துவிடும்.

முதலில் சீட் தண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்விளக்கு, சீட் பை, பூட்டைத் தாங்கும் பிடி ஆகிய மூன்றும் சீட் தண்டில் இறுக்குவதற்கென்றே விற்கப்படுகின்றன. ஆனால் மடிக்கும்போது தண்டு முழுவதும் குழாய்க்குள் இறங்கியாக வேண்டும். அதில் எதை இறுக்கினாலும் தண்டு பாதியிலேயே நின்றுவிடும். எனவே பின்விளக்கைக் கேரியரின் பின்விளிம்பிற்கு மாற்றினேன். தண்டின் அடிமுனைக்கு வேறொரு வேலை இருந்தது. மடித்த நிலையில் அது சட்டத்திற்குக் கீழே நீட்டிக்கொண்டு மூன்றாவது காலாகத் தரையில் ஊன்றுகிறது. வெறும் அலுமினியக் குழாய் என்பதால் தரையில் கீறல் விழுந்தது. பேருந்தின் தகரத் தளத்தில் வழுக்கவும் செய்தது. குழாயின் உள்விட்டத்தை வெர்னியர் அளவியால் அளந்து, ஒரு லேத் பட்டறையில் நைலான் தண்டை அந்த அளவிற்குக் கடைந்து, அதன் முனையில் தடித்த ரப்பர் வட்டம் ஒன்றைத் திருகாணியால் பொருத்திக் குழாய்க்குள் அடித்து இறுக்கினேன். இதுவரை செய்தவற்றில் செலவு மிகக் குறைந்ததும், தினமும் பயன்படுவதும் இதுவே.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது முன்பக்கப் பை. ஹேண்டில் பாரில் பையைத் தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மடக்கு சைக்கிளின் ஹேண்டில் தண்டு நீளமானது, அதன் அடியில் கீலும் உண்டு. மேலே ஏற்றும் எடை நெம்புகோல் முறையில் பன்மடங்காகி அந்தக் கீலில்தான் இறங்குகிறது. மேலும், கை திரும்பும்போதெல்லாம் பையும் சேர்ந்து ஆடும். பிராம்டனில் இதற்கு நல்ல தீர்வு உண்டு: பையைத் தாங்கும் கட்டை ஹேண்டிலில் இல்லாமல் சட்டத்தின் முன்குழாயிலேயே பொருத்தப்படுகிறது. அதனால் ஹேண்டில் திரும்பினாலும் பை நேராகவே நிற்கும். முதல் முறை ஓட்டுபவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். பழகிவிட்டால் பையில் எடை இருப்பதையே கை உணராது.

என் வண்டியின் முன்குழாயிலும் மரையிட்ட இரண்டு துளைகள் இருந்தன. ஆனால் இணையத்தில் வாங்கிய பிளாஸ்டிக் கட்டையின் துளைகளுக்கும் அவற்றுக்கும் இடைவெளி ஒத்துப்போகவில்லை. இரண்டையும் இணைக்க நடுவே ஒரு தகடு தேவைப்பட்டது. உடனே அதை வெட்டாமல், தடித்த அட்டையில் அதே அளவில் ஒரு மாதிரி செய்து, டேப்பால் ஒட்டி, வண்டியைத் திரும்பத் திரும்ப மடித்துப் பார்த்தேன். ஹேண்டில் தண்டு பக்கவாட்டில் மடிவதால் கட்டை அதன் பாதையில் குறுக்கிடவில்லை. ஆனால் பிரேக் ஒயரின் வளைவு ஒரு மூலையில் உரசியது. அந்த மூலையைச் சரித்து வெட்டிய அட்டையையே சூரமங்கலத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து, 3 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டின் வெட்டுத் துண்டில் அதே வடிவை அறுத்து வாங்கினேன். பட்டறைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வாயிலதான் அளவு சொல்லுவாங்க, நீங்க பரவால்லீங்க" என்றார். அட்டை மாதிரி செய்து பார்ப்பதை எந்தத் துணைப்பொருளுக்கும் நான் பரிந்துரைப்பேன்.

எவர்சில்வரையும் அலுமினியத்தையும் நேராகத் தொடவிட்டால், மழைநீரும் வியர்வையும் படும்போது இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம்தான் கரையும். ஆகவே தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பரையும், போல்ட்டின் மரையில் கிரீஸையும் வைத்திருக்கிறேன். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: துளை இல்லாத இடத்தில் துளையிடுவதையும், பற்றவைப்பதையும் சட்டத்தில் எங்கும் செய்யக் கூடாது. இத்தகைய சட்டங்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் 6061 வகை அலுமினியக் கலவை வெப்பப் பதப்படுத்தலால் வலுப்பெறுவது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த வலு குறைந்துவிடும். கீலுக்கு அருகில் அப்படி நேர்ந்தால் விளைவை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது கியர். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. பேருந்தில் மேலே போய்விட்டாலும் லூப் ரோடு சமதளம் இல்லை. நாகலூர்ப் பக்கம் ஏற்ற இறக்கங்கள் மாறி மாறி வரும். வண்டியுடன் வந்தது முன்னே 52 பல், பின்னே 14 முதல் 28 பல் வரை 7 அடுக்கு ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி). இந்த டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.57 மீட்டர். எனவே மிக இலகுவான கியரில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 2.9 மீட்டர் நகரும். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடியாக வேண்டும். ஏற்றத்தில் எனக்கு அந்த வேகம் வராது.

முன்னே 44 பல் உள்ள கிராங்கையும் (பெடல் கைகளும் முன்பல்சக்கரமும் சேர்ந்தது), பின்னே 14 முதல் 34 பல் வரையிலான மெகா ரேஞ்ச் ஃப்ரீவீலையும் போட்டபின், அதே ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான் நகர்கிறது. 60 சுற்றுக்கு மணிக்கு 7 கிலோமீட்டர் சொச்சம். மிக வேகமான கியரில் 5.8 மீட்டராக இருந்தது 4.9 ஆகக் குறைந்தது. நகருக்குள் அந்த இழப்பு தெரியவே இல்லை. இறக்கத்தில் எப்படியும் மிதிப்பதில்லை. 34 பல்லைச் சமாளிக்க, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் டெரெய்லரையும் மாற்ற வேண்டியிருந்தது. இதில் கவனம் தேவை: சிறிய சக்கரத்தில், செயினைத் தொய்யாமல் பிடிக்கும் டெரெய்லரின் கூண்டு தரைக்கு மிக அருகில் தொங்கும். முன்னே ஒரே பல்சக்கரம்தான் என்பதால் 14க்கும் 34க்கும் உள்ள 20 பல் வித்தியாசத்தை மட்டும் ஈடுகட்டினால் போதும். மிக நீண்ட கூண்டு அவசியமில்லை. நடுத்தர நீளக் கூண்டே போதுமானதாக இருக்கிறது, வேகத்தடைகளில் உரசுவதும் இல்லை.

பழைய கிராங்கோடு செயின் காப்பு வட்டும் போய்விட்டதால் பேன்ட் கால் மாட்டத் தொடங்கியது. காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் வட்டம் வரைந்து, ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, நீளமான போல்ட் போட்டு முடுக்கினேன். அழகாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

மலையிறக்கத்திற்கு பிரேக் பற்றிச் சிந்திக்க வேண்டியிருந்தது. ஒரே எடையை ஒரே உயரத்திலிருந்து இறக்கும்போது பிரேக் பிடித்து வெளியேற்ற வேண்டிய ஆற்றல் சக்கரத்தின் அளவால் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் ரிம், பெரிய சைக்கிளின் 622 மில்லிமீட்டர் ரிம்மோடு ஒப்பிட்டால், சுற்றளவில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே விரைவில் சூடேறும். ரிம்மின் உள்ளே இருந்த மெல்லிய ரப்பர் நாடாவை எடுத்துவிட்டுத் துணி நாடா சுற்றினேன். சூட்டில் ரப்பர் நாடா நகர்ந்தால், ஸ்போக் துளையின் விளிம்பில் டியூப் கிழியும் வாய்ப்பு உண்டு. நல்ல ரப்பர் கலவையிலான, கட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய பிரேக் ஷூக்களையும் போட்டேன். பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடாமல், வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவு கடந்ததும் விட்டுவிடுகிறேன். சில வளைவுகளில் ஓரமாக நிறுத்தி ரிம் ஆறும்வரை காத்திருப்பதும் வழக்கம். குரங்குகள் இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துவதில்லை. முன்பக்கப் பை அவற்றுக்கு மிக வசதியான உயரத்தில் இருக்கிறது.

பேருந்துக்காக ரெக்சின் தைக்கும் கடையில் ஓர் உறை தைத்தேன். முழுவதும் மூடும் பையாக இல்லாமல், மேலிருந்து கவிழ்க்கும் உறையாக, அடியில் இழுத்துக் கட்டும் நாடாவோடு இருப்பதால், ரப்பர் முனை வெளியே நின்று தரையில் ஊன்றுகிறது. மடித்த இரண்டு பாதிகளையும் பிடித்துக்கொள்ள நிறுவனம் வைத்த காந்தம், பேருந்து இரண்டாவது வளைவைத் திரும்புவதற்குள் விட்டுவிடும். அதற்குப் பதில் அகலமான வெல்க்ரோ பட்டை ஒன்றை இரண்டு ரிம்களையும் சேர்த்துச் சுற்றுகிறேன். "உள்ளே என்னங்க?" என்று கேட்கும் நடத்துநரிடம் "சைக்கிளுங்க" என்றால் முதலில் நம்பமாட்டார், நம்பியதும் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கடைசி இருக்கைக்குப் பக்கத்தில் இடம் காட்டுவார்.

கேரியரின் மேல் பொருத்திப் பார்த்த ஒட்டுப்பலகைப் பெட்டி, மடித்தால் முன்சக்கரத்தில் இடித்ததால் வெளியே போயிற்று. ஹேண்டில் முனையில் மாட்டும் கண்ணாடி மடங்கும் வகை என்பதால் தங்கிவிட்டது. செல்போன் தாங்கி தேவைப்படவே இல்லை.

மீதமிருப்பது முன்விளக்கு. மூடுபனியில் எதிரே வருபவருக்கு நான் தெரிய வேண்டும். பேட்டரி விளக்கைப் பையைத் தாங்கும் கட்டையின் அடியில் இப்போது தற்காலிகமாகக் கட்டியிருக்கிறேன். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலேயே அமைந்த டைனமோ வைக்கலாம் என்றால், என் வண்டியின் முன்ஃபோர்க்கின் இடைவெளி 74 மில்லிமீட்டர். வழக்கமான 100 மில்லிமீட்டர் ஹப் அதில் நுழையாது. மடிப்பு ஒடுக்கமாக வரவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்ட ஃபோர்க் அது. விரித்துப் பொருத்தும் எண்ணமும் இல்லை. 74 மில்லிமீட்டருக்கென்றே ஹப் டைனமோக்கள் தயாரிக்கப்படுகின்றன; ஒன்று கைக்கு வந்தால், அதற்கேற்ற நீளத்தில் ஸ்போக் வெட்டிச் சக்கரம் பின்னுவதுதான் அடுத்த வேலை.