தொழிலாளர் வரலாற்றில் ஆய்வு செய்ய வருகிறீர்களா? என் அனுபவம்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது 1921 பி அண்ட் சி மில் வேலைநிறுத்தம். பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் என்பதன் சுருக்கம்தான் பி அண்ட் சி, சென்னை பெரம்பூரில் இருந்த துணி ஆலை, பின்னி மில் என்றும் சொல்வார்கள். தலைப்பைச் சொன்னதுமே "இதெல்லாம் பொருளாதாரத் துறைக்காரங்க பார்க்க வேண்டியது" என்றார் ஒரு பேராசிரியர். இதே பேச்சை நீங்களும் கேட்பீர்கள், அதற்காகத் தலைப்பை மாற்றிவிடாதீர்கள்.

முதல் வேலை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நெறியாளர் கடிதம், அடையாள அட்டை, விண்ணப்பம் எல்லாம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் பொறுமை போதும். சிரமமெல்லாம் உள்ளே போன பிறகுதான். அரசாணைகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாக இருக்கின்றன. ஒரே வேலைநிறுத்தம் ஒரு துறையில் தொழிலாளர் பிரச்சினையாகவும் இன்னொன்றில் சட்டம் ஒழுங்கு பிரச்சினையாகவும் பதிவாகியிருக்கும். அதனால் இன்டெக்ஸில் 'ஸ்ட்ரைக்' என்ற தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், போலீஸ், கலவரம், மில் பெயர், ஆதிதிராவிடர் என்று அத்தனை தலைப்பிலும் தேடி எண்களைக் குறித்துக்கொண்டு ஸ்லிப் எழுதிக் கொடுங்கள். ரகசியக் கோப்புகள் தனி வரிசை, அதையும் கேட்டுப் பாருங்கள். கட்டைப் பிரித்தால் தாளின் ஓரம் பொடிப்பொடியாக உதிரும், பக்கத்தை மெதுவாகத்தான் திருப்ப முடியும்.

அந்த வேலைநிறுத்தத்தின்போது சென்னை புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் வேலைநிறுத்தம் செய்த மற்றவர்களுக்கும் நடந்த மோதல் பற்றிப் படிக்கும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதிகாரி பேசுகிறார், நிர்வாகம் பேசுகிறது, தொழிலாளி மட்டும் மனுவிலோ வாக்குமூலத்திலோ ஓரிரு வரிதான் பேசுகிறார். எனவே அரசுக் கோப்பை மட்டும் நம்பி ஆய்வேட்டை முடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைப் பாருங்கள். 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி எழுதுபவர் பெரம்பூர், புளியந்தோப்புத் தெருக்களில் நடக்காமல் எழுதவே கூடாது.

அப்புறம், ஆட்கள். தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை இது என்று நினைத்திருந்தேன், அப்படியில்லை. இந்தியத் தொழிலாளர் வரலாற்றாளர் சங்கம் 1996 முதல் இருக்கிறது, மாநாடுகள் நடத்துகிறது. அங்கே கட்டுரைச் சுருக்கம் அனுப்பும்போது 'தொழிலாளர் இயக்கம், ஒரு பார்வை' என்று பொதுவாக எழுதாமல், கையில் இருக்கும் ஒரு கோப்பை வைத்து ஒரே கேள்வியைக் கேளுங்கள். என் சுருக்கம் ஏற்கப்பட்டதற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறேன். என் அமர்வு முடிந்ததும் பம்பாய் மில்கள், கல்கத்தா சணல் ஆலைகள் பற்றி ஆய்வு செய்பவர்கள் தேடி வந்து பேசினார்கள், குறிப்புகளைத் தயங்காமல் பகிர்ந்துகொண்டார்கள். மேடைப் பழக்கம் வேண்டும் என்றால் முதலில் தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையில் வாசிக்கலாம்.

பணத்துக்கு இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு உதவித்தொகை, பயண நிதி இரண்டையும் பாருங்கள், அறிவிப்பு வரும் முன்பே நெறியாளர் கையெழுத்தை வாங்கி வையுங்கள். ஆம்ஸ்டர்டாமில் 1935-ல் தொடங்கிய சர்வதேச சமூக வரலாற்று நிறுவனத்தின் சேகரிப்பில் ஒரு பகுதியை இங்கிருந்தே இணையத்தில் பார்க்கலாம். நொய்டா வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்திலும் தொழிலாளர் ஆவணங்களுக்கென்றே ஒரு காப்பகம் உண்டு.

பின்னி மில்லில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பழைய சந்தா ரசீது, துண்டறிக்கை எதையும் எடைக்குப் போடாதீர்கள். ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்.