சீனியை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்காது

பெரியம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து குடும்ப வாட்சப்பில் ஒரே அறிவுரைதான்: சீனியை நிறுத்துங்கள், சோற்றை நிறுத்துங்கள், கட்டி தானாகச் சுருங்கிவிடும். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறிப் பார்க்க வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அன்பில் சொல்வதுதான், தெரியும். ஆனால் கீமோவில் எடை இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் பயந்துபோய்த் தட்டைத் தள்ளி வைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இந்தப் பேச்சு எங்கிருந்தோ வந்ததல்ல. 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி, கட்டித் திசு குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுப்பதையும், ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் அதில் பெரும்பகுதியை முழுசாக எரிக்காமல் லாக்டேட் என்ற பாதி உடைந்த பொருளாக மாற்றி வெளியே தள்ளுவதையும் கண்டார். உடம்பில் கட்டி எங்கே என்று தேடும் பெட் ஸ்கேன் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. குளுக்கோஸ் மாதிரியே இருக்கும் ஒரு கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றுகிறார்கள், செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஆனால் மேற்கொண்டு உடைக்க முடியாமல் அது அங்கேயே மாட்டிக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரிகிறது. படத்தில் மூளை முழுக்க ஒளிர்ந்ததைப் பார்த்துப் பெரியம்மா நடுங்கிவிட்டார். மூளை வழக்கமாகக் குளுக்கோஸில்தான் ஓடுகிறது, எல்லார் படத்திலும் அது அப்படித்தான் ஒளிரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

முழுசாக எரித்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி ஏறக்குறைய 30 கிடைக்கும், லாக்டேட் வழியில் 2தான். அப்புறம் ஏன் இந்த வீண் செலவு? பலகையெல்லாம் அடுப்பில் போட்டு எரித்துவிட்டால் வீட்டை எதைக்கொண்டு கட்டுவது? இரண்டாகப் பிரியப்போகும் செல்லுக்குப் புதுச் சவ்வு வேண்டும், புது டிஎன்ஏ வேண்டும், அதற்கான கார்பனில் ஒரு பங்கைக் குளுக்கோஸை உடைக்கும் பாதையிலிருந்தே திருப்பிக்கொள்கிறது. வெளியே தள்ளிய லாக்டேட்டும் அமிலமும் கூட அதற்கு உதவிதான், கட்டியைத் தாக்கச் சுற்றி வரும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் வேகத்தை அது குறைக்கிறது.

வார்பர்க், செல்லுக்குள் குளுக்கோஸை முழுசாக எரிக்கும் உலையான மைட்டோகாண்ட்ரியா பழுதானதால்தான் இப்படி என்று நினைத்தார். பெரும்பாலான கட்டிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. குளுட்டமின் என்ற அமினோ அமிலம், கொழுப்பு, ஏன் லாக்டேட்டையே கூட எடுத்து எரிக்கும் கட்டிகள் உண்டு. நாம் சோற்றை விட்டாலும் கல்லீரல் புரதத்திலிருந்து குளுக்கோஸ் செய்து இரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும், அந்தப் புரதம் தசையிலிருந்து போகும். மெலிவது ஆள்தான், கட்டியல்ல. இனிப்புநீர் உள்ளவர்கள் கட்டுப்பாட்டை விடக்கூடாது, அது வேறு விஷயம்.

சீனிப் பசியை அல்ல, டிஎன்ஏ கட்டும் பொருளுக்கான பசியைக் குறிவைக்க மருந்து இருக்கிறது, பெரியம்மாவுக்கு ஏறுவதே அதுதான். 5-ஃபுளோரோயுராசில், 1957இல் வெளிவந்தது. ஆர்என்ஏவைக் கட்டும் துண்டுகளில் ஒன்றான யுராசிலை எலிக் கட்டிகள் அதிகம் எடுத்துக்கொள்வதைக் கவனித்து, சார்ல்ஸ் ஹைடல்பெர்கர் என்ற விஞ்ஞானி அதே உருவத்தில் செய்த போலி. உள்ளே போனதும் டிஎன்ஏவுக்கு வேண்டிய தைமின் தயாரிப்பை அடைத்துவிடுகிறது. வாயின் உட்தோலும் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் அங்கேயும் அடி விழுகிறது, அதனால்தான் வாய்ப்புண். இந்த வாரம் கஞ்சியும் அவித்த முட்டையும்தான் தொண்டையில் இறங்குகிறது. கஞ்சியில் கொஞ்சம் சீனி போடச் சொன்னால் நான் போட்டுத்தான் கொடுக்கிறேன்.