சுட்டு முடித்த பிறகு

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் பொதுமக்களுக்குப் பயிற்சி தருவது எங்கள் தொழில். வகுப்புக்கு வருகிறவர்கள் எந்தத் தோட்டா, எத்தனை கஜ தூரம், எவ்வளவு வேகமாக உருவுவது என்றுதான் கேட்கிறார்கள். சுட்டு முடித்த அடுத்த நிமிடத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எங்களுக்குக் கவலையெல்லாம் அந்த நிமிடத்தைப் பற்றித்தான்.

2021 ஜூன் 21 அன்று கொலராடோ மாநிலம் ஆர்வாடா நகரில் ஒருவன் போலீஸ் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றான். பிறகு தன் வண்டிக்குப் போய் ஏஆர்-15 ரைஃபிளை எடுத்துக்கொண்டு திரும்பினான். பக்கத்துக் கடையில் இருந்த 40 வயதுக்காரர் ஒருவர் வெளியே வந்து, தன் கைத்துப்பாக்கியால் அவனைச் சுட்டு வீழ்த்தினார். அதுவரை அவர் செய்தது பிசகவில்லை. பிறகு கீழே கிடந்த ரைஃபிளைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் வெளியே பார்த்த இன்னொரு போலீஸ்காரரின் கண்ணில் பட்டது, சாதாரண உடையில் ரைஃபிளோடு நிற்கும் ஓர் ஆள். எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல் சுட்டார். பலரைக் காப்பாற்றியவர் இறந்துபோனார். போலீஸ்காரர் மீது வழக்கு இல்லை என்று அந்த நவம்பரில் மாவட்ட அரசு வழக்கறிஞர் அறிவித்தார். முடிவு சரியா தவறா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். சுட்டவர் கண்ணுக்கு அந்தக் கணத்தில் என்ன தெரிந்தது என்பதை வைத்தே அமெரிக்கச் சட்டம் எடைபோடும் என்பதை உரிமக்காரர் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

2018 நவம்பரில் மட்டும் இப்படி இரண்டு சாவுகள். இல்லினாய் மாநிலம் ராபின்ஸில், மதுக்கூடத்தில் சுட்டவனைத் தரையில் அழுத்திப் பிடித்திருந்த 26 வயதுக் காவலாளியைப் போலீஸ் சுட்டது. அவர் உடையில் செக்யூரிட்டி என்று எழுதியிருந்ததா என்பதில் சாட்சிகள் ஒன்று சொன்னார்கள், போலீஸ் வேறு சொன்னது. சில நாள் கழித்து அலபாமாவின் ஹூவர் நகர வணிக வளாகத்தில், துப்பாக்கிச்சூடு நடந்த நேரத்தில் 21 வயது இளைஞர் ஒருவரைப் போலீஸ் சுட்டது. முதலில் அவர்தான் சுட்டவர் என்றே போலீஸ் அறிவித்தது, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. இருவரும் கறுப்பினத்தவர்கள். அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்துவது நேர்மையில்லை.

ஏன் இப்படி ஆகிறது? 1999 கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு போலீஸ் பயிற்சி மாறிவிட்டது. சிறப்புப் படை வரட்டும் என்று காத்திராமல், முதலில் வருகிற அதிகாரி தனியாளாக இருந்தாலும் சத்தம் வரும் திசைக்குப் போக வேண்டும். போகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கைகளைப் பார்க்கிறார். சுட்டவன் ஒருவனா இருவரா என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவசர உதவி எண்ணான 911-க்கு நீங்கள் சொன்ன தகவல் வயர்லெஸ் வழியாக அவர் காதுக்குப் போகும் முன் அவர் உங்கள் எதிரே நிற்கலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: முதலில் இடம், பிறகு சுட்டவன் விழுந்து கிடக்கிறானா ஓடிவிட்டானா, அடுத்து உங்கள் சட்டை நிறம், தொப்பி, துப்பாக்கி உறைக்குள் இருக்கிறது என்பது. அழைப்பதை வேறொருவரிடம் விட்டால் இன்னும் நல்லது. உங்கள் கைகள் காலியாக இருக்கும்.

இதே குழப்பம் உரிமக்காரருக்கும் வரும். 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசானில் நடந்த துப்பாக்கிச்சூட்டின்போது, அருகிலிருந்த கடையிலிருந்து ஓடிவந்த ஒருவர் துப்பாக்கியோடு நின்ற ஆளைப் பார்த்தார். உண்மையில் அந்த ஆள், கொலைகாரனிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தவர். ஓடிவந்தவர் சுடவில்லை. அவரைச் சுடுவதற்கு எவ்வளவு நெருங்கிவிட்டேன் என்று பின்னர் அவரே சொன்னார்.

2014-இல் லாஸ் வேகாஸ் வால்மார்ட்டில் சுட்டவனை மறிக்கப் போனவர், அவனோடு வந்த பெண்ணைக் கவனிக்கவில்லை. அவள் சுட்டுக் கொன்றாள். 2005-இல் டெக்சஸின் டைலர் நீதிமன்றச் சதுக்கத்தில் சுட்ட குண்டுகள் பட்டும் எதிராளி விழவில்லை, கவசம் அணிந்திருந்தான். தடுக்கப் போனவர்தான் இறந்தார். 2019 டிசம்பரில் டெக்சஸ் தேவாலயமொன்றில், நீட்டிய துப்பாக்கிக்கு எதிரே தன் துப்பாக்கியை உருவ முயன்றவர் சுடப்பட்டார். சட்டைக்கு அடியிலிருந்து உருவ, பழகியவருக்கே ஒன்றரை முதல் இரண்டு விநாடி ஆகும். மொத்தச் சம்பவமும் ஆறு விநாடியில் முடிந்தது.

குறி தப்புவதையும் கணக்கில் வையுங்கள். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் நியூயார்க் போலீஸ் பற்றி வெளியிட்ட ஆய்வில், எதிராளியும் சுடும்போது இலக்கைத் தொட்ட குண்டுகள் சுமார் 18 சதவீதம். மீதி எங்கே போயின என்பதுதான் வணிக வளாகத்தில் கேள்வி. 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட்டில், வணிக வளாகத்தில் சுட்டவனை எதிர்த்த 22 வயது இளைஞர் 40 கஜத்திலிருந்து தொடங்கிப் பத்துத் தோட்டாவில் எட்டை இலக்கில் வைத்தார். அதைப் பார்த்துத் தன்னாலும் முடியும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஆராய்ந்த 2000 முதல் 2013 வரையிலான 160 துப்பாக்கிச்சூட்டுச் சம்பவங்களில், போலீஸ் அல்லாத ஆயுததாரிகள் சுட்டு முடிவுக்கு வந்தவை 5. அவற்றில் நான்கில் சுட்டவர்கள் காவலாளிகள். ஆயுதமில்லாதவர்கள் அடக்கியவை 21.

அதனால் வகுப்பில் இப்போது அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான். எதிராளி விழுந்ததும் மறைவை விட்டு வெளியே வராதீர்கள். இரு பக்கமும் பாருங்கள், இரண்டாவது ஆள் இருக்கலாம். விசையிலிருந்து விரலை எடுத்து, துப்பாக்கியை மெதுவாக உறையில் வையுங்கள். விழுந்தவனின் ஆயுதத்தைக் கையால் தொடவே கூடாது. யாராவது எடுத்துவிடும் நிலை என்றால் காலால் தள்ளிவிட்டு விலகுங்கள். பிறகு கைகளை விரித்து உயரே தூக்குங்கள்.

கடினமானது, துப்பாக்கி கையில் இருக்கும்போதே பின்னாலிருந்து அதட்டல் வருவது. பயிற்சிக்கான, சுட முடியாத நீலப் பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கொடுத்து, முதுகுப் பக்கம் ஒருவரை நிறுத்தி "போலீஸ், கீழே போடு!" என்று கத்த வைக்கிறோம். குரல் வந்த திசைக்கு மனிதர்கள் திரும்பத்தான் செய்கிறார்கள். உடம்போடு கையும் திரும்புகிறது; கத்தியவர் பார்வையில், குழல் தன்னை நோக்கி வருகிறது. செய்ய வேண்டியது, அசையாமல் நின்று விரல்களைத் திறந்து துப்பாக்கியை விட்டுவிடுவது. இன்றைய கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை விழுந்தால் வெடிக்காதபடி செய்யப்பட்டவை. ஆனால் விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தரையில் போடக் கை தயங்குகிறது. தலைகூடத் திரும்பாமல், விரல்கள் தாமாகத் திறக்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறோம்.