சின்ன லேப்டாப்பில் லினக்ஸ்: வைஃபை வந்தது, கேமரா வரவில்லை

மூன்று வார இறுதிகள் இதற்கே போயின. இப்போதைய நிலவரம்: லினக்ஸ் ஏறிவிட்டது, தொடுதிரை சரி, வைஃபை சரி. கேமரா மட்டும் இல்லை.

2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு உள்ள பழைய டச் லேப்டாப் இது. விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடம் போதவில்லை. திரையும் பேட்டரியும் நன்றாக இருக்கும்போது தூக்கிப் போட மனம் வரவில்லை.

முதல் முட்டுக்கட்டை பூட் மெனுவிலேயே. 64 பிட் ஐஎஸ்ஓவை (லினக்ஸை நிறுவும் கோப்பு) எழுதிய பென்டிரைவ் அதில் தெரியவே இல்லை. பென்டிரைவ்தான் பழுது என்று நினைத்து இரண்டு மாற்றிப் பார்த்தேன். காரணம் வேறு. புராசசர் 64 பிட், ஆனால் போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) 32 பிட். அது தேடுவது பூட்ஐஏ32 என்ற கோப்பை. என் ஐஎஸ்ஓவில் இருந்ததோ பூட்எக்ஸ்64 மட்டும். 32 பிட் கிரப் (லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடர்) கோப்பை அந்தப் பெயரில் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் வைத்ததும் பூட் ஆனது. 32 பிட் யூஇஎஃப்ஐ வழியாக 64 பிட் கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்றும் வசதி 2014இல் வந்த 3.15 பதிப்பிலிருந்தே இருக்கிறது. லினக்ஸை நிறுவிய பிறகும் இதே 32 பிட் கிரப்பைத் தனியாகப் போட வேண்டியிருந்தது.

அப்புறம் வைஃபை. இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, சிப்பையும் அடையாளம் காண்கிறது, ஆனால் ஒரு நெட்வொர்க்கும் தெரியவில்லை. டிமெசேஜில் (கெர்னல் எழுதும் பதிவு) பார்த்தால் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றும் வரியில் பிழை எண் -2. கேட்ட கோப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினேன், மறுபடியும் -2. இம்முறை டிரைவர் கேட்டது என்விராம் கோப்பை. ஆன்டெனா அமைப்பு, சிக்னல் பவர் போன்ற அளவுகளை அந்தந்த போர்டுக்கு ஏற்ப எழுதி வைத்திருக்கும் சின்ன டெக்ஸ்ட் கோப்பு அது. ஒரே சிப் என்றாலும் போர்டு மாறினால் அளவுகள் மாறும் என்பதால் பொதுத் தொகுப்பில் அது இல்லை. சில சாதனங்களில் யூஇஎஃப்ஐ சேமித்து வைக்கும் மாறிகளுக்குள் இருக்குமாம். தேடினேன், என்னுடையதில் இல்லை.

நல்லவேளை, விண்டோஸை அழிக்கும் முன் அதன் டிரைவர்ஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைத்திருந்தேன். அதற்குள் இருந்தது அந்தக் கோப்பு. டிரைவர் எதிர்பார்க்கும் பெயருக்கு மாற்றி, ஃபர்ம்வேர் இருக்கும் இடத்தில் போட்டு ரீபூட் செய்தேன். வைஃபை பட்டியல் வந்தபோது உண்மையிலேயே எழுந்து நின்றுவிட்டேன். இதே வேலையில் இறங்குபவர்கள் தயவுசெய்து அந்த ஃபோல்டரை முதலில் காப்பி எடுத்து வையுங்கள்.

ஒலி முதலில் ஹெட்போனில் மட்டும் வந்தது, லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் புதிய யூசிஎம் கோப்புகளை (ஒலி எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்பவை) போட்டதும் ஸ்பீக்கரிலும் வந்தது.

கேமராவுக்கு வருவோம். இது யூஎஸ்பி வழியாக இணைந்த கேமரா அல்ல. சென்சார் நேராகப் புராசசரில் உள்ள படச் செயலியோடு இணைந்திருக்கிறது. அதற்கான அட்டம்ஐஎஸ்பி டிரைவர் 2017இல் கெர்னலின் ஸ்டேஜிங் பகுதிக்குள் (இன்னும் முழுமையாகாத டிரைவர்களுக்கான இடம்) வந்து, 2018இல் நீக்கப்பட்டு, 2020இல் 5.8 பதிப்பில் திரும்பி வந்தது. டிரைவர் மட்டும் போதாது, சென்சார் எந்த மின்வழியில், எந்த பின்னில் இருக்கிறது என்ற விவரமும் சரியாகக் கிடைக்க வேண்டும். என் போர்டின் ஏசிபிஐ அட்டவணையில் (எந்தப் பாகம் எப்படி இணைந்திருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்வது) அந்த விவரம் குழப்பமாக இருக்கிறது. பழைய யூஎஸ்பி வெப்கேம் ஒன்றைச் செருகிப் பார்த்தேன், யூவிசி என்ற பொதுத் தரத்தில் பேசுவதால் உடனே படம் வந்தது.

அட்டவணையைப் பிரித்து எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வார இறுதியில் சென்சாரின் ஐ2சி (சிப்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) முகவரியிலிருந்து தொடங்கப் போகிறேன்.